ஏழாம் பதிப்பு

"இந்தப் பொம்பளைதான்! விடாதீங்க!"

பேராசிரியர் அனிசெட்டோ வில்காபோமா போட்ட கூச்சலில், லீமா நகரத்துத் தூறலுக்கு இதமாகப் பார்லிக் கஷாயம் குடித்துக்கொண்டிருந்த மாணவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவருக்குப் பின்னால் ஒரு போலீஸ்காரர். எதிரே, பல்கலைக்கழக நடைபாதையில் நீல பிளாஸ்டிக் விரிப்பின் மேல் அடுக்கடுக்காகக் கள்ளப் பிரதிகள். அத்தனையும் அவர் எழுதிய 'தொகை நுண்கணிதம்', ஆறாம் பதிப்பு.

முப்பது வருடமாகப் பாடத்திட்டத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிற புத்தகம் அது. இப்போது அதற்கே ஆபத்து வந்துவிட்டது. கடைசிப் பக்கங்களில் கொடுத்திருக்கும் விடைகளில் ஏகப்பட்ட தப்பு என்று யாரோ புகார் எழுதிப் போட்டிருந்தார்கள். மாதக் கடைசிக்குள் திருத்திய ஏழாம் பதிப்பு வராவிட்டால் வேறொருவர் புத்தகத்தை வைத்துவிடுவோம் என்று பாடக்குழு கறாராகச் சொல்லிவிட்டது. அன்றிலிருந்து மனிதருக்குத் தூக்கமே இல்லை.

"என் புத்தகத்துல தப்பா? இந்தத் திருட்டுக் கும்பல் அடிச்ச காப்பியைப் படிச்சுட்டு எவனோ உளறியிருக்கான்!" என்று குழுவில் மேசையைத் தட்டிச் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

கடைக்காரி செனோபியா அவரை உற்றுப் பார்த்தாள். "அட, நம்ம அட்டைப்படத்து டாக்டரு! முடிதான் கொஞ்சம் கொட்டிப்போச்சு. வயித்துல அடிக்காதீங்க டாக்டர். உங்க பேரை எங்கயாவது மறைச்சேனா? 'இந்த நூலை நகலெடுப்பது குற்றம்'னு நீங்க போட்டதைக்கூட விடாம போட்டிருக்கோமே!"

மாணவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். பேராசிரியரின் காது சிவந்துவிட்டது.

"தப்பும் தவறுமா அடிச்சு என் மானத்தை வாங்கினதும் இல்லாம வாய் வேறயா?"

இதுவரை கெஞ்சியவளுக்கு இப்போதுதான் உண்மையிலேயே கோபம் வந்தது. "திருட்டுன்னு சொல்லுங்க, கேட்டுக்கறேன். தப்புன்னு சொல்லாதீங்க! எங்க அக்கா மகன் ஒவ்வொரு கணக்கையும் போட்டுப் பாத்துட்டுத்தான் அச்சுக்கே விடுவான். இந்தப் பசங்களைக் கேளுங்க!"

"உன் அக்கா மகன்! பெரிய மேதை!" பேராசிரியர் ஒரு பிரதியைப் பிடுங்கிக் கடைசிப் பக்கங்களைப் புரட்டினார். விளக்குக் கம்பத்தில் சாய்ந்துகொண்டு, பென்சிலால் ஒரு கணக்கைப் போட்டார். இன்னொன்று போட்டார். மூன்றாவது போட்டு முடித்ததும் அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"என்ன டாக்டர், எத்தனை தப்பு?" என்றார் போலீஸ்காரர்.

"எண்ணி மாளாது. எல்லாத்தையும் அள்ளிப் போடுங்க. ஒண்ணுகூட வெளிய இருக்கக் கூடாது."

செனோபியா வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டு அழுதாள். புத்தகங்கள் மூட்டை மூட்டையாக ஜீப்பில் ஏறின. கையிலிருந்த அந்த ஒரு பிரதியை மட்டும் பேராசிரியர் கொடுக்கவில்லை. "ஆதாரம்" என்று சொல்லி, தூறல் படாமல் கோட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

அங்கிருந்து நேராகத் தன் பதிப்பாளர் புல்ஹென்சியோவின் அச்சகத்துக்குப் போனார். செய்தி அதற்குள் அங்கே வந்துசேர்ந்திருந்தது.

"கையும் களவுமா பிடிச்சுட்டீங்களாமே, சபாஷ்!" என்று எழுந்து கைகொடுத்தார் புல்ஹென்சியோ. "அது சரி டாக்டர், ஏழாம் பதிப்பு என்னாச்சு? மெஷின் சும்மா கிடக்கு. நீங்க உட்கார்ந்து திருத்திக் குடுத்தாத்தானே நான் ஓட்ட முடியும்?"

பேராசிரியர் அறைக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். கோட்டுக்குள்ளிருந்த புத்தகத்தை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"வரி விடாம காப்பியடிங்க."