பையருக்குக் கோயில் காட்டும் மாலை

திருப்பூருக்குப் பனியன் துணி வாங்க வரும் வெளிநாட்டுப் பையர்களைச் சாயங்காலத்தில் மகிழ்விக்கத் தெரிந்தவன் உலகத்திலேயே அருண்பாண்டி ஒருவன்தான். கம்பெனிக்கு ஆர்டர் பிடித்துக் கொடுக்கும் மெர்ச்சண்டைசரான அவனே சொல்வதால் இதில் சந்தேகத்துக்கு இடமில்லை. இப்போது திருமுருகன்பூண்டிக் கோயிலில், மஞ்சள் வெயில் ஏறிய கல்தூண் பக்கத்தில் நகம் கடித்துக்கொண்டு நிற்கிறான். டென்மார்க்கிலிருந்து வந்த ஹென்ரிக் சிற்பங்களைப் பாதியில் விட்டுவிட்டு, மதிலோரம் செல்போனில் தலைமை ஆபீசோடு பேசுகிறார். நாற்பதாயிரம் டி-ஷர்ட் ஆர்டர் அந்தப் போனில் தொங்குகிறது. கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை முதல் இரண்டு லைன் தையல் நின்றுவிடும். ஹென்ரிக்கின் தலை அசைகிறது. ஆமாவா, இல்லையா என்று முதுகைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

"ஏனுங்க சார், பூக்கேட்டுப் பாத்தரலாங்களா?" என்கிறார் டிரைவர் மாரப்பன். "பொட்டலம் ஒண்ணுல வெள்ளப்பூ, ஒண்ணுல செவப்பு. சாமி முன்னால வெச்சு ஒரு கொழந்தைய எடுக்கச் சொல்லோணும். வெள்ள வந்தா ஆர்டர் நம்முளுதுங்க."

"அண்ணே, டென்மார்க்காரன் அரளிப்பூவப் பாத்தா ஆர்டர் போடுதான்? சிரிப்புக் காட்டாதீய. போயி வண்டில ஏசியப் போடுங்க."

மாரப்பன் போகிறார். மதிலோரம் ஹென்ரிக்கின் குரல் உயர்ந்து, சட்டென்று தணிகிறது. தெருவில் எங்கோ சிற்பப் பட்டறையின் உளிச்சத்தமும் நின்றுபோகிறது. அருண்பாண்டி சுற்றுமுற்றும் பார்க்கிறான். பையருக்காக அச்சடித்த மாலை நிகழ்ச்சி நிரலை இரண்டாகக் கிழித்து, வாசல் பூக்காரம்மாவிடம் வாங்கிய பூவை மடித்து, சன்னதிப் படியில் வைக்கிறான். பூக்காரம்மாவின் மகளைக் கூப்பிட்டு, "பாப்பா, ஒண்ணு எடு," என்கிறான். இரண்டு பொட்டலத்திலும் வெள்ளைதான். அப்படியும் அவள் கை நீளும்போது கண்களை இறுக மூடிக்கொள்கிறான்.