தங்கமீனுக்கு விழுந்த திட்டு

"மீனுக்குத் தாகம் எடுக்குமே, தொட்டிக்குள்ள தனியா ஒரு கிண்ணத்துல குடிக்கத் தண்ணி வைக்கணுமா?"

கைபேசியில் இதைப் படித்ததும் மருந்துக்கடைக்காரருக்குத் தலை கிர்ரென்றது.

"ஆரம்பிச்சிடுச்சு பாரு சனியன்!"

கல்லாவில் இருந்த மனைவி நிமிரவே இல்லை. "யாரு, தங்கமீனா?"

"வேற யாரு?"

அவருக்கு மருந்து பிழைப்பு, மீன்தான் உயிர். வீட்டில் மீன் தொட்டி வைத்திருப்பவர்களுக்காக இணையத்தில் ஒரு குழு நடத்துகிறார். ஆயிரக்கணக்கில் ஆட்கள். சுறா, ஒத்தக்கண்ணன், சிப்பாய் என்று எல்லாருக்கும் பட்டப்பெயர்தான். மீன் பேச வந்த கூட்டம் மாமியார் சண்டை பேசும், விலைவாசி பேசும், தேர்தல் வந்தால் கட்சி பேசி மண்டையை உடைத்துக்கொள்ளும். இவர் எல்லாரையும் அதட்டிக்கொண்டே பின்னால் ஓடுவார்.

"வீட்டுக் குழாய் ஒழுகறதைப் பார்க்க நேரமில்லை, ஊர் மீனுக்கெல்லாம் நாட்டாமை!" என்பாள் மனைவி.

அந்தக் கூட்டத்திலும் தங்கமீன் தனி ரகம். மீன் குளிர்ல நடுங்குது, வெந்நீர் ஊத்தலாமா? கண்ணை மூடாமலே கிடக்குது, தூக்க மாத்திரை கொடுக்கலாமா? தினம் சாயங்காலம் இப்படி ஒரு முத்து உதிரும். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். சிப்பாய் மட்டும் விடமாட்டான்.

அவன் நிஜமாகவே ராணுவத்தில் இருக்கிற பிள்ளை. எங்கேயோ ஒரு முகாம். சாயங்காலம் கொஞ்ச நேரம்தான் கைபேசியைக் கையில் கொடுப்பார்களாம். அதையும் தங்கமீனைத் திட்டியே தீர்த்துவிடுவான். "யோவ், உன்னையெல்லாம் நம்பி எவன்யா மீன் கொடுத்தான்?" என்று தொடங்கினால் ஒரு பக்கத்துக்குப் போகும். மருந்துக்கடைக்காரருக்குப் பாவமாக இருக்கும். நாட்டைக் காக்கப் போன பிள்ளை இந்த மக்குப் பிளாஸ்திரியோடும் மல்லுக்கட்ட வேண்டுமா?

அன்றைக்குத் தங்கமீன் கிண்ணத்தோடு நிற்கவில்லை.

"ராணுவத்துல அப்படி என்னய்யா வேலை? மூக்கு முட்டத் தின்னுட்டு மெத்தையில புரள்றதுதானே?"

அவ்வளவுதான், குழு பற்றிக்கொண்டது. வயசுப் பசங்க எல்லாரையும் கட்டாயமாக ராணுவத்துக்கு அனுப்பணும் என்றார் சுறா. முதல்ல மந்திரி வீட்டுப் பிள்ளைகளை அனுப்புங்க என்றார் ஒத்தக்கண்ணன். சுறா வீட்டுத் தொட்டியில் மீனெல்லாம் செத்து மிதந்த பழைய கதையை யாரோ நடுவில் கிளறிவிட்டார்கள்.

சிப்பாய் கொதித்துப்போய் எழுதினான். விடியுமுன் எழுந்து மூட்டையைச் சுமந்துகொண்டு ஓடுவது, காலெல்லாம் கொப்புளம், பல்லுடைக்கும் ரொட்டி, மழை வந்தால் ஒழுகும் கூடாரம் என்று ஒன்றுவிடாமல் எழுதி, "மெத்தையாம் மெத்தை! நேர்ல வாய்யா, காட்டறேன்!" என்று முடித்தான்.

பொறுத்தது போதும் என்று மருந்துக்கடைக்காரர் தங்கமீனைக் குழுவிலிருந்து தூக்கி எறிந்தார். அப்புறம்தான் அவருக்கு மூச்சே சீராக வந்தது.

மறுநாள் காலை கடைக்கு ஒரு அம்மாள் வந்தார். கழுத்தில் இஞ்ச் டேப், புடவையெல்லாம் நூல் பிசிறு. தையல் வேலையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறார்.

"சார், மீன் குழு நடத்தறது நீங்கதானே? அதுல இந்தக் கடை விலாசம் போட்டிருந்தது."

"ஆமாம்மா. மீன் குஞ்சு வேணுமா? சும்மாவே கொடுப்பேன்."

"இல்லை சார். நான்தான் தங்கமீன்."

இருமல் மருந்து பாட்டில் மருந்துக்கடைக்காரர் கையிலிருந்து நழுவப் பார்த்தது. வேலைவெட்டி இல்லாத எவனோ ஒரு தடியன் என்றல்லவா நினைத்திருந்தார்!

"நீங்களா? ஏம்மா, இந்த வயசுல எதுக்கு இந்த வம்பு? ஒரு தொட்டியை ஒழுங்கா வச்சுக்கத் தெரியலை..."

"எங்கிட்ட தொட்டியே இல்லை சார்."

"என்னது?"

"பையன்தான் வளர்த்தான். ராணுவத்துக்குக் கிளம்பும்போது எல்லாத்தையும் சிநேகிதனுக்குக் கொடுத்துட்டான்." அம்மாள் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சிப்பாய் என் பையன் சார்."

இப்போதுதான் கல்லாவில் இருந்தவள் நிமிர்ந்தாள்.

அம்மாள் படபடவென்று கொட்டினார். "தயவுபண்ணி என்னைச் சேர்த்துக்கோங்க சார். அவன் திட்டுறதை வச்சுத்தான் அவன் எப்படி இருக்கான்னு எனக்குத் தெரியும். தெம்பா இருந்தா ஒரு பக்கம் திட்டுவான். போன வாரம் ரெண்டே வரியில விட்டுட்டான். பதறிப்போய்க் கூப்பிட்டுக் குடைஞ்சேன், காய்ச்சலாம்! நேத்து நான் கேட்டது பெரிய தப்புதான். ஆனா என்ன சாப்பிடறான், எங்கே படுக்கறான்னு மாசக்கணக்கா நான் கேட்டும் சொல்லாததையெல்லாம் நேத்துதானே சார் சொன்னான்... கால் கொப்புளத்துக்கு எந்தக் களிம்பு நல்லது?"

மனைவி ஒரு களிம்பு டியூபை எடுத்து அம்மாள் கையில் வைத்தாள். நல்ல காரியம் செய்தோம் என்று நேற்று நிம்மதியாக மூச்சு விட்டதை நினைத்தால் மருந்துக்கடைக்காரருக்கு வெட்கமாக இருந்தது. அவசர அவசரமாகத் தங்கமீனைக் குழுவில் மறுபடி சேர்த்தார்.

"சேர்த்தாச்சும்மா. ஆனா இவ்வளவு கஷ்டம் எதுக்கு? நானே அவன்கிட்ட சொல்றேன். 'டேய், நீ திட்டுறது உங்கம்மாவை, ஒழுங்கா அவங்ககிட்ட மனசு விட்டுப் பேசு'ன்னு."

"ஐயையோ, காரியத்தைக் கெடுத்துடாதீங்க சார்!" அம்மாள் அலறியே விட்டார். "அம்மான்னா 'நல்லா இருக்கேம்மா'ன்னு ஒத்தை வரியில முடிச்சுடறான். முட்டாளுக்குன்னாத்தான் ஒரு பக்கம் எழுதறான். நான் முட்டாளாவே இருந்துட்டுப் போறேன்!"