வழக்கமாகத் தங்குபவர்

“பயப்படாதீங்கக்கா. இது பரீட்சை இல்லை. நாங்க சோதிச்சுப் பார்க்கறது எங்க கேள்வியைத்தான், உங்களை இல்லை” என்றாள் கேள்விக்காரி.

பயந்துகொண்டிருந்தவள் என்னவோ அவள்தான். எதிரே உட்கார்ந்திருந்தவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு சாவகாசமாக அறையைச் சுற்றிப் பார்த்தாள்.

கேள்விக்காரி என்பது அலுவலகத்தில் வைத்த பட்டப்பெயர். அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீடு வீடாகக் கேட்கப்போகும் கேள்விகளை, அச்சுக்குப் போகும் முன் நாலு பேரிடம் கேட்டுப் பார்ப்பது அவள் வேலை. பதில் சொல்ல வருகிறவர் மனதில் ஓடுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கேட்பவள் திருத்தவும் கூடாது, எடுத்துக் கொடுக்கவும் கூடாது.

இன்னொரு விதியும் உண்டு. வந்திருப்பவர் தெரிந்தவராக இருந்தால் எழுந்துபோய்ப் பக்கத்து அறைக்காரரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். கேள்விக்காரி எழுந்திருக்கவில்லை.

எதிரே இருந்த முகத்தை அவள் முன்பு ஒரே ஒரு தடவை, ஒருவனுடைய பர்ஸுக்குள் படமாகப் பார்த்திருக்கிறாள். அவன் இந்தப் பெண்ணுக்குத் தாலி கட்டிய புருஷன். கேள்விக்காரிக்கு, ஒரு வருஷமாக, ஊருக்குத் தெரியாத புருஷன்.

அவன் எந்த வீட்டு ஆள் என்பதைப் பெண்டாட்டியின் வாயாலேயே கேட்டுவிட வேண்டும் என்ற ஆசை அவளை நாற்காலியோடு கட்டிப்போட்டது. அப்படி ஆசைப்பட்டதற்கு வெட்கமாகவும் இருந்தது. கேள்வித்தாளைப் பிரித்துவைத்துக் கேட்டாள்.

“உங்க வீட்டுல வழக்கமா தங்கி வசிக்கறவங்க யார் யாரு?”

“நான், என் பொண்ணு.” வந்தவள் இரண்டு விரலை மடக்கினாள். “அதுக்கு மேலதான் இடிக்குது. எங்க வீட்டுக்காரர் லிஃப்ட் ரிப்பேர் பண்றவரு. ஊர் ஊரா போற வேலை. திங்கக்கிழமை காலையில பையைத் தூக்கினா தூக்கினதுதான். வந்தா ரெண்டு ராத்திரி இருப்பாரு. அவரை எண்ணணுமா, வேண்டாமா?”

“உங்களுக்கு என்ன தோணுது?” இதுவரை விதிப்படிதான் போனது.

“அவரோட பிரஷ் இருக்கு, பழைய செருப்பு இருக்கு, கரண்ட் பில்லுல பேர் இருக்கு. ஆளைத்தான் காணோம். இதுல ‘வழக்கமா’ன்னு கேட்டா நான் என்னத்தைச் சொல்ல?”

தன் வீட்டுக் குளியலறையிலும் ஒரு பிரஷ் நிற்பது கேள்விக்காரிக்கு நினைவு வந்தது. தலையைக் குனிந்துகொண்டாள்.

“என் பொண்ணு இருக்காளே, அப்பா வந்தா விருந்தாளிக்கு வைக்கற நல்ல தட்டை எடுத்து வைக்கறா. நான் சொல்லிக் கொடுக்கலை, அவளா செய்யறா. வீட்டு மனுஷனுக்கு யாராவது அப்படி வைப்பாங்களா?”

வெள்ளிக்கிழமை இரவுகளில் தனியாகச் சாப்பிட உட்காரும்போது, இந்நேரம் அவன் குடும்பத்தோடு உட்கார்ந்திருப்பான் என்று கேள்விக்காரி நினைத்துக்கொள்வாள். அந்தச் சமாதானத்தில்தான் அவளுக்கு ஒரு வாய் இறங்கும். அங்கே ஒரு குழந்தை அவனை விருந்தாளியாக்கி வைத்திருக்கிறது என்று யார் கண்டது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள்.

“எண்ணிக்கோங்கக்கா” என்று சொல்லிவிட்டாள். “அவர் உங்க வீட்டு ஆள்தான்.”

வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அவள் யாருக்கும் பதில் எடுத்துக் கொடுத்ததில்லை. ஒரே ஆளை இரண்டு வீட்டில் எண்ணிவிடுவதுதான் கணக்கெடுப்பில் பெரிய பாவம் என்று புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பாடம் நடத்துகிறவளே அவள்தான். இன்றைக்கு அவனை உரியவளிடம் திருப்பிக் கொடுத்துவிட்டதாக நினைத்தபோது, வலித்தது. கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது.

வந்தவள் மேஜைமேல் இருந்த ரெக்கார்டரைக் காட்டினாள். “அதைக் கொஞ்சம் அணைங்கம்மா.”

கேள்விக்காரி அணைத்தாள்.

“நீங்க உங்க ஆபீஸ் வாசல்ல, போர்டு தெரிய நின்னு எடுத்துக்கிட்ட படம், அவர் போன்ல பார்த்தேன். கேள்விக்குப் பதில் சொல்ல ஆள் வேணும்னு அதே வாசல்ல ஒட்டியிருந்தீங்க, பேர் கொடுத்துட்டேன்.” குரல் உயரவே இல்லை. “சண்டை போட வரலை. வாரம் பூரா அவரைப் பிடிச்சு வெச்சிருக்கறவ எப்படி இருப்பான்னு ஒரு தடவை பார்க்கணும்னு இருந்துச்சு. பார்த்துட்டேன்.”

கேள்விக்காரிக்கு அழுகை வந்தது. நடுவில் மேஜை மட்டும் இல்லாவிட்டால் காலிலேயே விழுந்திருப்பாள்.

“மன்னிச்சிடுங்கக்கா. நான் செஞ்சது தப்புதான், அதுக்கு எந்தச் சாக்கும் சொல்லலை. ஆனா வாரம் பூரா இல்லைக்கா, சத்தியமா. புதன்கிழமை வரைக்கும்தான். பொண்ணு காத்துக்கிட்டிருப்பா, கிளம்புங்கன்னு வியாழக்கிழமை காலையில நானே பையைக் கட்டி அனுப்பிடுவேன். இதுவரைக்கும் ஒரு வாரம்கூடத் தவறினதில்லை.”

கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தவள் அப்படியே நின்றாள். உள்ளே வந்ததிலிருந்து கலங்காத முகம் இப்போதுதான் கலங்கியது. மறுபடி மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“எங்க வீட்டுக்கு அவர் சனிக்கிழமைதாம்மா வருவாரு.”