சக்கரம் நின்ற இடம்

சக்கரம் இன்றைக்கும் அதே இடத்தில் நின்றது. கடிகாரமாக இருந்தால் மணி இரண்டு.

சுவரில் பதித்த இரும்புச் சக்கரம். நடுவில் அச்சு, அதிலிருந்து நீளும் கம்பி, கம்பியில் நகர்த்திப் பூட்டக்கூடிய கைப்பிடி. நீடாமங்கலத்தில் அஃப்ரீன் நடத்தும் பிசியோதெரபி நிலையத்தில் இறுகிப்போன தோள்களை எல்லாம் இளக்கிவிடுவது இதுதான்.

மங்களாம்பிகையின் வலது தோளிடம் மட்டும் அதன் பாச்சா பலிக்கவில்லை.

வரப்பில் வழுக்கி விழுந்ததில் கட்டுப் போட்டிருந்தார்கள். கட்டைப் பிரித்தபோது கை மேலே எழும்ப மறுத்தது. சக்கரம் சுற்ற வந்து இது மூன்றாவது வாரம்.

அவள் முகத்தைச் சுளித்துக் கைப்பிடியை விட்டாள். பக்கத்து ஸ்டூலில் இருந்த கணவர் ரெங்கசாமியும் முகம் சுளித்தார். நடவு நேரத்தில் வயலை ஆட்களை நம்பி விட்டுவிட்டு, தினமும் பஸ் ஏற்றி அழைத்து வருகிற மனுஷன்.

இன்றும் திரும்பாவிட்டால் தஞ்சாவூருக்கு அனுப்ப வேண்டியதுதான். அங்கே மயக்க மருந்து கொடுத்துத் தோளை வலிந்து திருப்புவார்கள். அதற்கு இந்த அம்மாவை அனுப்ப அஃப்ரீனுக்கு மனசே வரவில்லை. தோற்றுவிட்டோமே என்கிற வருத்தம் வேறு.

கடைசி முயற்சியாகக் கைப்பிடியை அச்சுக்குப் பக்கத்தில் நகர்த்திப் பூட்டினாள்.

கணக்கு எளிதுதான். பிடி அச்சை விட்டுத் தள்ளி இருந்தால் சக்கரம் லேசாகச் சுற்றும். ஆனால் வட்டம் பெரிது, கை தலைக்கு மேல் போக வேண்டும். அச்சை ஒட்டி இருந்தால் வட்டம் சின்னது, கை அவ்வளவு உயர வேண்டாம். ஆனால் தம் கட்டித் தள்ள வேண்டும்.

அந்தத் தம்மும் வேண்டாமென்று அச்சின் இறுக்கத்தை முழுக்கத் தளர்த்தினாள். ஒற்றை விரலால் தொட்டாலே இப்போது சுற்றியது.

மங்களாம்பிகை பிடித்தாள், முக்கினாள், மணி இரண்டில் நிறுத்தினாள்.

அஃப்ரீன் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பெரிய வட்டத்தில் மணி இரண்டு என்பது காது உயரம். சின்ன வட்டத்தின் உச்சியே தாடை உயரம்தான். காது வரை போன கைக்குத் தாடை வரை போக என்ன கேடு? பலம் போதவில்லை என்று சொல்லவும் வழியில்லை.

தோளும் தடுக்கவில்லை, சக்கரமும் தடுக்கவில்லை.

ரெங்கசாமியை டீ வாங்கி வரச் சொன்னாள். அவர் படியிறங்கிப் போனதும் கைப்பிடியைப் பழையபடி கம்பியின் கோடியில் பூட்டிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

மங்களாம்பிகை வாசலைப் பார்த்தாள். அஃப்ரீனைப் பார்த்தாள். பிறகு பிடியைப் பற்றி முழு வட்டமாகச் சுற்றினாள். ஒன்று, இரண்டு, பத்து. மூச்சுகூட வாங்கவில்லை.

“அவருகிட்ட சொல்லிடாத பாப்பா. கை எழும்பலன்னுதான் தெனம் அவரே தலை வாரிப் பின்னிவிடுறாரு. கட்டிக்கிட்டு முப்பத்தாறு வருசம், ஒரு நாள்கூட என் பக்கத்துல சேர்ந்தாப்புல அரைமணி நேரம் உக்காந்ததில்ல அந்த மனுசன்.”

மூன்று வாரமாக ஏமாற்றியிருக்கிறாளே என்று அஃப்ரீனுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். சிரிப்புத்தான் வந்தது. கூடவே கண்ணும் கலங்கியது.

இனி அவர் டீ வாங்கப் போகும்போதெல்லாம் இருபது சுற்று சுற்றியே தீர வேண்டும் என்று கறாராகச் சொன்னாள். மங்களாம்பிகை நல்ல பிள்ளையாகத் தலையாட்டினாள்.

ரெங்கசாமி டீயோடு வந்ததும் அஃப்ரீன் அவரை வாசலுக்கு அழைத்துப் போனாள். தஞ்சாவூர் போக வேண்டாம், ஆனால் கை சரியாக இன்னும் பதினைந்து நாளாவது ஆகும் என்றாள். நடவை விட்டு வருகிறவர், என்ன சொல்வாரோ என்று பயமாகத்தான் இருந்தது.

அவர் உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“ஆவட்டும் டாக்டரம்மா, அவசரமே இல்ல. மூணு கால் பின்னல்தான் இப்ப ஒழுங்கா வருது. நாலு கால் பின்னல் இன்னும் கைக்குப் பிடிபடல.”