ரோல் பிளே

காலை பதினொன்றே காலுக்கு எஸ்தர் டியூட்டி உடையிலேயே வகுப்புக்குள் வந்தாள். வெளிநாடு போகவிருக்கும் நர்சுகளுக்கான ஆங்கில வகுப்பு அது. உள்ளே தமிழ் கூடாது, செல்போனும் கூடாது. அன்றைக்கு ரோல் பிளே: இறப்புச் செய்தியை நர்ஸ் உறவினரிடம் சொல்ல வேண்டும். தாமதமாக வந்த எஸ்தருக்கு அது தெரியாது. உறவினராக ஆசிரியை வத்சலா உட்கார்ந்திருந்தார். அவருடைய கணவர், எஸ்தர் வேலை பார்க்கும் மருத்துவமனையில், சிறிய ஆபரேஷனுக்காக முந்தைய நாள் சேர்ந்திருந்தார்.

எஸ்தர் நேராகப் போய் வத்சலாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். உங்கள் கணவர் சற்றுமுன் இறந்துவிட்டார் என்று, வகுப்பின் வழக்கப்படி ஆங்கிலத்தில் சொன்னாள்.

"லேட்டா வந்தாலும் என்னமா நடிக்கிறா பாருடி" என்று பின்வரிசையில் ஒருத்தி கிசுகிசுத்தாள்.

குரல் நன்றாக இருக்கிறது, ஆனால் கண்ணைப் பார்த்துச் சொல், மறுபடியும் என்றார் வத்சலா, ஆங்கிலத்தில்.

எஸ்தர் அவர் கண்ணைப் பார்த்து மறுபடியும் சொன்னாள். எல்லோரும் கைதட்டினார்கள். வத்சலாவும் தட்டுவதற்காகத் தன் கையை இழுத்தார். எஸ்தர் விடவில்லை.

"மிஸ், கீழ ஆட்டோவ நிறுத்தி வச்சிருக்கேன். வாங்க."