ஆறு இறக்கைகள்

நான் எர்லிந்து, அல்பானியாக்காரன், வயது இருபத்து மூன்று. கிரீஸில் லெஃப்காடா படகுத்துறையில் இருக்கிறேன். கையெல்லாம் எண்ணெய், அதனால் பேசியே டைப் செய்கிறேன்.

இங்கே மிர்த்தோ என்ற பாய்மரப் படகு நிற்கிறது. அதன் டீசல் இன்ஜினைக் குளிர்விக்கக் கடல்தண்ணீரை இறைப்பது, பம்புக்குள் சுழலும் ஆறு இறக்கை உள்ள ரப்பர் சக்கரம். பழைய சக்கரத்தில் நான்குதான் மிஞ்சியிருந்தன. உடைந்த துண்டுகளைக் கண்டுபிடிக்காமல் இன்ஜினைப் போடக் கூடாது. குழாய் அடைத்தால் நடுக்கடலில் இன்ஜின் சூடேறி எரிந்துவிடும். இரண்டும் கிடைத்தன. புதுச் சக்கரம் மாட்டினேன்.

குழாயைக் கழுவியபோது மூன்றாவது துண்டு வந்தது.

முதலாளி ஸ்தமாத்திஸ் சிரித்தார். "டேய் அல்பானியா, ஸ்கூல் பக்கமே போகலியா? எண்ணத் தெரியாதா?"

"நீங்களே எண்ணுங்க முதலாளி."

"போன வருஷத்துத் துண்டா இருக்கும். மூடுடா."

துண்டு புத்தம் புதிதாக இருந்தது. பம்பைத் திறந்தேன். புதுச் சக்கரத்தில் ஆறும் இருந்தன. மறுபடி கழுவினேன், இன்னொன்று வந்தது. நிறுத்த மனம் வரவில்லை. மாலைக்குள் புதுத் துண்டுகள் ஆறாகிவிட்டன. துணியில் அடுக்கினால் முழு வட்டம். பம்பில் இப்போதும் ஆறு.

முதலாளி வந்து எண்ணினார். சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். "நாளைக்கு உன்கூட நான் வரலடா. படகை நீயே ஓட்டிட்டுப் போ" என்றார்.

நாளைக் காலை ஆறுக்கு இதே படகில் தனியாக அல்பானியாவில் இருக்கும் எங்கள் ஊர் சராந்தாவுக்குக் கிளம்புகிறேன். மூன்று வருடம் கழித்து வீட்டுக்குப் போக வேறு வழியில்லை. படிப்பவர் யாரானாலும், நாளை இரவு பத்துக்குள் நான் இங்கே மறுபடி எழுதாவிட்டால் கடலோரக் காவல்படைக்குச் சொல்லுங்கள். அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.