மூன்று குதி

"இன்னும் மோசமா இறக்கணும்டா. இதெல்லாம் ஒரு இறக்கமா? பூனை மாதிரி வந்து உட்கார்றே," என்று அலுத்துக்கொண்டான் நெஸ்டர்.

நாற்காலியில் உட்கார்ந்திருந்த டங்கன், முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தியிருந்த துடைப்பக் கட்டையை மறுபடி பின்னால் இழுத்தான். நாற்காலிதான் விமானம். கட்டைதான் அதை ஓட்டும் பிடி. பயிற்சி விமானிகள் தூங்கும் அந்தக் கொட்டகையில் சாப்பாட்டு நேரத்தில் இவர்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை.

ஆண்டு 1942. சஸ்காச்சுவான் மாகாணத்துக் கோதுமை வயல்களுக்கு நடுவே இருந்த அந்த விமானப்படைப் பள்ளியில் ஒரு வழக்கம். மட்டமாக ஓட்டுபவன் வீட்டுக்குப் போவான். சுமாராக ஓட்டுபவன் கப்பலேறி இங்கிலாந்துக்கு, சண்டைக்குப் போவான். பிரமாதமாக ஓட்டுபவன் அங்கேயே வாத்தியாராக மாட்டிக்கொள்வான். நன்றாக ஓட்டியதற்கு இது தண்டனையா என்று பையன்கள் பல்லைக் கடிப்பார்கள்.

டங்கன்தான் அந்த வகுப்பிலேயே கெட்டிக்காரன். அதனால்தான் இந்தப் பாடு. நெஸ்டருக்கு அந்தக் கவலையே இல்லை. அவன் இறக்கினால் விமானம் மூன்று முறை குதித்துவிட்டுத்தான் நிற்கும். நேற்று இறுதித் தேர்வில் அப்படித்தான் குதித்துக் குதித்துத் தேறியிருந்தான். இங்கிலாந்தில் குண்டுவீச்சு விமானத்தில் இருக்கும் அவன் அண்ணன் பெட்ரோ வாரம் தவறாமல் எழுதுகிறான்: 'எப்போடா வர்றே?' அண்ணனைப் பார்த்து ஒன்றரை வருஷம். நெஸ்டருக்குப் போயே ஆகவேண்டும். டங்கனையும் விட்டுவிட்டுப் போக மனசில்லை.

"கையை நினைக்காதே, பயத்தை நினை," என்றான் நெஸ்டர். "பத்தடி உயரத்துலயே தரை வந்துடுச்சுன்னு பதறணும். மாடு உதைக்க வர்றப்போ உடம்பு எப்படிப் பின்னால போகும்? அந்த மாதிரி இழு."

"நான் வின்னிப்பெக் நகரத்துக்காரன்டா. மாட்டைத் தட்டுலதான் பார்த்திருக்கேன்."

"சரி, விடு. மாடிப்படி இறங்குறே. இன்னொரு படி இருக்குன்னு காலை வைக்கிறே. படி இல்ல. அப்போ வயிறு குபுக்குன்னு ஆகுமே?"

"ஆமா."

"அதான் முதல் குதி. அந்த வயித்தோட பிடியை முன்னால தள்ளு, ரெண்டாவது குதி. அங்க என் இடது தோள் தானா காதுகிட்ட ஏறும். அது ஏறினா இடது இறக்கை சாயும். சாஞ்சா மூணாவது குதி. எங்க, பண்ணு பார்ப்போம்."

டங்கன் கண்ணை மூடிக்கொண்டு பண்ணினான். நாற்காலி தடதடவென்று ஆடி ஒரு பக்கமாகச் சாய, டங்கன் தரையில் விழுந்தான்.

"அடிச்சே பாரு," என்று கை கொடுத்துத் தூக்கிவிட்டான் நெஸ்டர். "பத்து நாள் உழைப்பு வீண் போகலடா."

மறுநாள் காலை டங்கனின் தேர்வு. பின் இருக்கையில் தலைமைப் பயிற்சியாளர் பிரிச்சர்ட். போன மாதம் டங்கன் இறக்கியதைப் பார்த்து, வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவனைப் பாராட்டிய மனிதர்.

நெஸ்டர் வேலியோரம் நின்று பார்த்தான். மஞ்சள் விமானம் தாழ வந்தது. பத்தடி உயரத்திலிருந்து தொப்பென்று விழுந்து குதித்தது. மறுபடி குதித்தது. இடது இறக்கை சாய்ந்தது. மூன்றாவது குதி. நெஸ்டருக்குத் தானே முதல் பரிசு வாங்கியது போல மார்பு விரிந்தது.

அரை மணி நேரத்தில் பிரிச்சர்டிடமிருந்து அழைப்பு வந்தது, டங்கனுக்கு அல்ல, அவனுக்கு. நெஸ்டர் கலங்கவில்லை. தேறியவனை யாரும் இனி ஒன்றும் செய்ய முடியாது என்ற தெம்போடு உள்ளே போய் சல்யூட் அடித்தான்.

"உன் நண்பன் டங்கன் கப்பல் ஏறுறான்," என்றார் பிரிச்சர்ட், காகிதத்திலிருந்து தலை நிமிராமல்.

நெஸ்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டான். "ரொம்ப சந்தோஷம், சார். நானும் அவன்கூடவே போறேனா, சார்?"

"டங்கன் இன்னைக்கு எப்படி இறக்கினான், பார்த்தியா?"

"கொஞ்சம் குதிச்சுது, சார்."

"மூணு குதி. ரெண்டாவதுல இடது இறக்கை சாஞ்சுது. முன் சீட்டுல அவன் இடது தோள் காதுகிட்ட ஏறினதையும் நான் பார்த்தேன். இந்த மைதானத்துல அந்த இறக்கத்துக்கு ஒருத்தன்தான் சொந்தக்காரன்."

"தப்புதான், சார். ஆனா யோசனை என்னுது. அவனைத் தடுத்துடாதீங்க."

"எதுக்குத் தடுக்கணும்? அவன் இடத்துக்குத்தான் எனக்கு ஆள் கிடைச்சாச்சே."

"யாரு, சார்?"

"எங்கிட்ட இருபது வாத்தியார் இருக்காங்க. விமானம் குடுத்திருக்கேன், பெட்ரோல் குடுத்திருக்கேன். மூணு மாசம் கத்தியும் ஒருத்தன் மண்டையில ஒண்ணை ஏத்த முடியல. ஒருத்தன் மட்டும் வெறும் நாற்காலியை வெச்சுக்கிட்டு, பத்தே நாள்ல, இந்தப் பள்ளியோட சிறந்த விமானியையே அச்சு அசலா தன்னை மாதிரி ஓட்ட வெச்சுட்டான்."

"சார், என் இறக்கம் ரொம்ப மோசம், சார். நீங்களே முந்தாநாள்..."

"அதை நான் ரெண்டு வாரத்துல சரி பண்ணிடுவேன். உன் கொட்டகை ஜன்னலுக்குத் திரை கிடையாது, நெஸ்டர்," என்று முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார் பிரிச்சர்ட். "திங்கட்கிழமை எட்டு மணிக்கு உனக்கு முதல் வகுப்பு. வர்றப்போ அந்தத் துடைப்பக் கட்டையையும் எடுத்துட்டு வா."